சிவப்பு ஊசியும் சிவப்புச் சிறுநீரும்

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ நடக்கிறது. போன மாதம் சிவப்பு ஊசி போட்டபோது சிறுநீர் சிவப்பாகப் போனது. மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம் என்றார் நர்ஸ். மூன்று நாளுக்கு முன் சைக்ளோபாஸ்பமைடு ஏற்றினார்கள். நேற்றிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாத்ரூமுக்கு ஓடுகிறான். சொட்டுச் சொட்டாக ரோஸ் நிறத்தில் வருகிறது, எரிகிறது என்று அழுகிறான். இதுவும் மருந்தின் நிறம்தானே? உடம்புச் சூடு என்று மாமியார் தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கிறார்.

பதில்: இல்லை அம்மா, இது மருந்தின் நிறம் இல்லை. இன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மீதியை வழியில் படித்துக்கொள்ளலாம்.

போன மாதம் நர்ஸ் சொன்னது சரிதான். சிவப்பு ஊசி என்பது டாக்சோரூபிசினாக இருக்கும். மருந்தே சிவப்பு; ஓரிரு நாள் சிறுநீரில் கலந்து போகும், வலி எரிச்சல் எதுவும் இருக்காது. ஆனால் சைக்ளோபாஸ்பமைடு தண்ணீர் போலத் தெளிவான மருந்து. அதற்குப் பிறகு சிறுநீர் சிவந்தால் ரத்தம் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். கூடவே எரிச்சலும் இருக்கிறது, சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஒரே பதிலை இரண்டு மருந்துக்கும் வைத்துக்கொண்டு நாளைக் கடத்திய பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாங்கள்தான் தனித்தனியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

நடப்பது இதுதான். கல்லீரல் இந்த மருந்தை உடைக்கும்போது அக்ரோலின் என்ற கழிவு உண்டாகிறது. அது சிறுநீரோடு சிறுநீர்ப்பையில் வந்து தேங்கி, உட்சவ்வை அரித்துப் புண்ணாக்குகிறது. எவ்வளவு நேரம் தேங்குகிறதோ அவ்வளவு அரிக்கும். அதனால்தான் மருந்தைப் பெரும்பாலும் காலையிலேயே ஏற்றுகிறோம், கூடவே நிறைய சலைன் ஓடவிடுகிறோம். டோஸ் அதிகமென்றால் மெஸ்னா என்ற மருந்தும் தருவோம். அது அக்ரோலினைப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஐபாஸ்பமைடுக்கு மெஸ்னா இல்லாமல் பேச்சே இல்லை.

அங்கே போனதும் சிறுநீர், தட்டணுக்கள், வெள்ளணுக்கள் பார்ப்பார்கள். கிருமித் தொற்றாலும் இப்படி எரியலாம், தட்டணு குறைந்தால் ரத்தம் அதிகமாகக் கசியும். பெரும்பாலான குழந்தைகளுக்கு சலைனும் வலி மருந்தும் போதும், சில நாளில் புண் ஆறிவிடும். ரத்தம் கட்டி கட்டியாக வந்து வழியை அடைத்தால்தான் டியூப் போட்டுப் பையைக் கழுவ வேண்டிவரும். வழியில் சிறுநீரே வராமல் அடிவயிறு உப்பினாலோ காய்ச்சல் அடித்தாலோ நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். வலிக்கிறதே என்று ஐபுபுரூஃபன் சிரப் கொடுத்துவிடாதீர்கள், ரத்தக் கசிவு கூடும்.

விளக்கெண்ணெயால் கெடுதல் இல்லை, பாட்டியோடு சண்டை வேண்டாம். ஆனால் இது நீர்க்கடுப்பு இல்லை, சூட்டைத் தணித்து அடங்காது.

அடுத்த தவணையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் குடிக்க வைப்பதில் எல்லா அம்மாக்களும் கெட்டிக்காரர்கள். கோட்டை விடுவது ராத்திரியில். ஊசியால் களைத்துத் தூங்குகிற பிள்ளையை எழுப்ப யாருக்கு மனசு வரும்? பத்து மணிக்குப் படுத்தவன் காலை ஆறு வரை எழுந்திருக்கவில்லை என்றால், எட்டு மணி நேரம் அந்தக் கழிவு பையிலேயே கிடக்கும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியில் அலாரம் வைத்து ஒரு தடவையாவது, முடிந்தால் இரண்டு தடவை எழுப்பிப் போக வையுங்கள். முதல் இரண்டு நாள் இதைச் செய்தால் போதும். கண்ணாடி டம்ளர் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, சிறுநீரைப் பிடித்து வெளிச்சத்தில் வெள்ளைத் தாளுக்கு முன் வைத்துப் பாருங்கள். லேசான ரோஸ் நிறம்கூடத் தெரிந்துவிடும். அந்த இரண்டு நாளும் டம்ளரைக் கழுவும்போதும், நனைந்த துணியை எடுக்கும்போதும் நீங்களும் பாட்டியும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சிறுநீரில் மருந்து இருக்கும்.