வாசகர் கேள்வி – பதில்: கணினி படிக்கும் பிள்ளைகள்

கேள்வி: நான் முள்ளியவளையைச் சேர்ந்தவன், பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் மூன்றாம் ஆண்டில் படிக்கிறேன். தொழிற்பயிற்சி விண்ணப்பத்துடன் என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். 2009இல், 5 வயதில், செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்ததையும், வைகாசி விசாகத்தில் வற்றாப்பளை அம்மனுக்குக் காவடி எடுப்பதையும், ஊரில் கோவலன் கூத்து ஆடுவதையும் எழுதலாமா? கணினி படிப்பவனுக்கு இவை பொருந்தா என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பதில்: தம்பி, கூத்தைக் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் பொழுதுபோக்கு என்ற தலைப்பின் கீழ் ஒற்றைச் சொல்லாக முடித்துவிடாமல், எந்தப் பாத்திரம் ஏற்கிறீர்கள், கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் எவ்வளவு காலம் பழகினீர்கள், விடியும்வரை நீளும் ஆட்டத்தில் பாட்டும் தாளமும் பிசகாமல் நிற்க எப்படிப் பயின்றீர்கள் என்பதை எழுதுங்கள். படிப்பவர் கூத்தையே அறியாதவராக இருந்தாலும், நீண்ட பயிற்சிக்குப் பொறுமை உள்ளவர் நீங்கள் என்பதை அறிந்துகொள்வார்.

அண்ணாவியாரின் கையெழுத்துக் கொப்பியை அவருடைய அனுமதியுடன் தட்டச்சு செய்து, பாத்திரம் வாரியாகத் தேடக்கூடிய ஒரு சிறு செயலியாக ஆக்கினால் இன்னும் நல்லது. அந்த வேலையில் இறங்கும்போது தமிழ் கணினிக்குள் எப்படிக் கிடக்கிறது என்பதும் பிடிபடும். 'கூத்து' நமக்கு 3 எழுத்து. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யுனிகோட்டிலோ, துணைக்குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்பட்டு, அது 6 குறியீடுகளாகச் சேமிக்கப்படுவதால், பைத்தன் என்ற நிரல்மொழியில் அதன் நீளத்தைக் கேட்டால் 6 என்றே விடை வரும். கூத்துப் பாட்டின் அடிகளில் எழுத்தெண்ண ஒரு நிரல் எழுத முயன்றால், முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் இதுதான். கூத்தும் நிரலும் ஒருங்கே தெரிந்த பிள்ளைகள் வன்னியில் இதைச் செய்ய வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை.

காவடி விடயத்தில் என் கருத்து வேறு. பயிற்சிக்கு எடுப்பவர் உங்கள் சமயத்தை அறிய வேண்டிய தேவை இல்லை. ஆகவே அது விண்ணப்பத்தில் வேண்டாம். நேர்த்தி உங்களுக்கும் அம்மனுக்கும் உரியது. அதை அங்கே எழுதாமல் விடுவது மறைப்பது ஆகாது. ஆனால் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும் நாள்களில் தொண்டு செய்திருந்தாலோ, வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும் பெருந்திரளுக்குத் தண்ணீர்ப்பந்தல் நடத்த உதவியிருந்தாலோ, அந்தப் பொறுப்பைத் தயங்காமல் எழுதுங்கள். எத்தனை பேருடன் சேர்ந்து, எந்த வேலையை ஏற்றுச் செய்தீர்கள் என்று சொன்னால் போதும்.

முகாமைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை. எழுத விரும்பினால், இரக்கத்தை வேண்டாத இரண்டு வரிகளில், முதலாம் வகுப்பை எங்கே தொடங்கினீர்கள் என்பதையும், மீள்குடியேறிய பின் கணினியை முதன்முதலாக எங்கே தொட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: கணினி படிக்கப் போன என் மகள் இம்முறை மடுமாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு வரவில்லை. முன்பு பங்கில் பாடகர் குழாமில் பாடியவள். இந்தப் படிப்பு விசுவாசத்தைக் குறைத்துவிடுமா? – மன்னாரிலிருந்து ஒரு தாய்

பதில்: படிப்பின் மீது பழி போட வேண்டாம், அம்மா. கணினி விஞ்ஞானத்தின் பெரும் ஆசான்களில் ஒருவரும் 1974இல் அத்துறையின் உயரிய விருதான டியூரிங் விருதைப் பெற்றவருமான டொனால்ட் க்னூத், லூத்தரன் திருச்சபையைச் சேர்ந்த விசுவாசி, ஆர்கன் வாசிப்பவர், தம் வீட்டிலேயே ஓர் ஆர்கனை அமைத்துக்கொண்டவர். திருவிழா நாளான ஆவணி (ஆகஸ்ட்) 15 பரீட்சைக் காலத்தில் வந்திருக்கலாம். பயணச் செலவும் காரணமாக இருக்கலாம். ஏன் வரவில்லை என்று மகளிடமே, குற்றம் சாட்டாத குரலில், கேளுங்கள். பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள பங்கில் பாடகர் குழாம் உண்டா என்பதையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.