ஏடிசி சிப் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றித் தருவது) பேட்டரியைச் சீக்கிரம் தீர்த்துவிடுகிறது. அதன் மின்செலவைக் குறைப்பது எப்படி?

பேட்டரியில் ஓடும் சென்சார் ஒன்றைச் செய்துவிட்டு சிப்பைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் ஒரு மாதம் அதையேதான் செய்தேன்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் சம்பா வயல். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுகிறோம். ஓட்டை போட்ட குழாயை வயலில் புதைத்து, நீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கினால் மடை திறப்போம். அதைப் பார்க்க அப்பா விடியலில் வரப்பு வரப்பாக நடப்பார். அவருக்காக குழாய்க்குள் மிதவை, அதோடு 1 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (மிதவையோடு திரும்பும் மாறு மின்தடை), அதைப் படிக்க ஏடிஎஸ்1115 என்ற ஏடிசி சிப், வீட்டுக்கு அனுப்ப லோரா ரேடியோ என்று மாட்டினேன். 2500 மில்லி ஆம்பியர்-மணி செல் 16 நாளில் தீர்ந்துபோனது.

இந்த சிப் கன்டினியுவஸ் மோடில், அதாவது நிற்காமல் அளந்துகொண்டே இருக்கும்போது, 150 மைக்ரோ ஆம்பியர் இழுக்கும். வேகத்தை நொடிக்கு 8 அளவு என்று குறைத்தாலும் அதே 150தான். மாறாக, நொடிக்கு 860 என்ற வேகத்தில் சிங்கிள்-ஷாட் (கேட்டால் ஒருமுறை மட்டும் அளப்பது) வையுங்கள். ஒன்றேகால் மில்லி செகண்டுக்குள் அளந்துவிட்டுத் தானே அணைந்துவிடும், பிறகு அரை மைக்ரோ ஆம்பியர்தான். அளவு கொஞ்சம் ஆடும். எட்டு முறை எடுத்துச் சராசரி போட்டேன்.

இத்தனை செய்தும் அரை நாள்கூடக் கூடவில்லை! அப்புறம்தான் மல்டிமீட்டரைத் தொடரில் போட்டுப் பார்த்தேன். பொட்டென்ஷியோமீட்டர் இரவு பகலாக 3.3 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தது. போர்டில் எரிந்த சின்ன எல்இடி இன்னொரு 3. எல்இடியைச் சூடு வைத்து எடுத்தேன். பொட்டென்ஷியோமீட்டருக்கு, இதையெல்லாம் இயக்கும் கன்ட்ரோலரின் ஒரு பின்னிலிருந்து மின்சாரம் கொடுத்தேன். அரை மணிக்கு ஒருமுறை அளக்கும்போது மட்டும் உயிர். நடவிலிருந்து அறுப்பு வரை ஒரே சார்ஜ் தாங்கியது.

'இதற்கு 16 பிட் நுணுக்கம் எதற்கு, காந்தம் பக்கத்தில் வந்தால் மூடும் ரீட் சுவிட்ச் போதுமே' என்று யாராவது வருவார்கள். தண்ணீர் எந்த வேகத்தில் இறங்குகிறது என்பதும் எனக்கு வேண்டும், அதனால்தான். தனி சிப் இல்லாமல் அட்மெகா328 கன்ட்ரோலருக்கு உள்ளேயே இருக்கும் ஏடிசி என்றால், கன்ட்ரோலர் தூங்கப் போகும் முன் அந்த ஏடிசியை இயக்கும் ஏடிஇஎன் பிட்டை அணைத்துவிடுங்கள்.

அளவு என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். அந்த நெல்லைத்தான் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று எடுக்க மறுத்தார்கள். ஒரே குவியலில் அள்ளிய இரண்டு பிடிக்கு அவர்கள் மீட்டர் இரண்டு அளவு காட்டியது. பல இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள் என்று கெஞ்சினேன், காதில் வாங்கவில்லை. மூன்று ராத்திரி நெல் தார்ப்பாய்க்கடியில் பனியில் கிடந்தது. அப்பாவும் அதன் பக்கத்திலேயே படுத்திருந்தார்.