94-ஐத் தாண்டாத கேபிளும் மாடி அறைக்கு ஒரு ஸ்விட்ச்சும்

கேள்வி: திருச்சியில் என் வீட்டு மாடி அறையை அலுவலகமாக மாற்றியிருக்கிறேன். கல்யாண வீடியோ எடிட்டிங் தொழில். 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. ரவுட்டர் கீழே ஹாலில். அங்கிருந்து சுவருக்குள் ஒரே ஒரு கேபிள் மாடிக்கு வருகிறது. அதைப் பழைய 5 போர்ட் ஸ்விட்ச்சில் செருகி, டெஸ்க்டாப், மனைவியின் லேப்டாப், வீடியோக்களைச் சேர்த்து வைக்கும் நாஸ், மனைவியின் ஆபீஸில் கொடுத்த ஐபி போன் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். பிரிண்டருக்கு இடமில்லை. ஹாலில் வைஃபையில் 280 வரை காட்டுகிறது. மாடியில் கேபிளில் 94-ஐத் தாண்டுவதே இல்லை. வேகமான ஸ்விட்ச் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். கடைக்காரர் 2.5ஜி (அதாவது 2500 எம்பிபிஎஸ்) எடுக்கச் சொல்கிறார், நண்பர் 10ஜி போடு என்கிறார், இணையத்தில் ‘ஃபாஸ்ட்’ என்று போட்ட 8 போர்ட் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. எதை வாங்க?

பதில்: எந்த ஸ்விட்ச் என்பதற்கு முன்னால் அந்த 94-ஐப் பார்த்துவிடுவோம். 300 திட்டத்தில் ஒரு நாள் 210, இன்னொரு நாள் 160 என்று ஏறி இறங்கினால் அது இணைய நெரிசலாக இருக்கலாம். எப்போது பார்த்தாலும் 93, 94 என்று படியால் அளந்து வைத்தாற்போல் நின்றால், வழியில் ஏதோ ஓர் இணைப்பு 100 மெகாபிட்டில், அதாவது 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது. ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் மேலும் முகவரி, கணக்கு என்று ஒட்டுகிற சங்கதிகளுக்குப் போக 100-இல் நம் கைக்கு மிஞ்சுவது அவ்வளவுதான். கிகாபிட் (1000 மெகாபிட்) இணைப்பில் இதே கணக்குக்கு 940 என்று வரும்.

சந்தேகப்பட வேண்டியவர்கள் மூன்று பேர்: மாடியில் இருக்கும் பழைய ஸ்விட்ச், சுவருக்குள் போகும் கேபிள், கீழே அந்தக் கேபிள் செருகியிருக்கும் ரவுட்டர் போர்ட். பைசா செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். சுவரிலிருந்து வரும் கேபிளை ஸ்விட்ச்சிலிருந்து பிடுங்கி லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு வேகத்தைப் பாருங்கள். 280 வந்தால் குற்றவாளி ஸ்விட்ச். அப்போதும் 94 என்றால் கடையிலேயே விலை உயர்ந்த ஸ்விட்ச்சை வாங்கி மாட்டினாலும் மாடிக்கு வருவது அதே 94தான்.

அடுத்து கீழே போய் ரவுட்டரின் பின்பக்கம் பாருங்கள். இணைய நிறுவனங்கள் கொடுக்கும் ஃபைபர் பெட்டிகளில் நான்கு போர்ட் இருந்தாலும் ஒன்று மட்டும் கிகாபிட், மற்ற மூன்றும் 100 என்று இருப்பது உண்டு. போர்ட்டுக்குக் கீழே ‘ஜிஇ’, ‘எஃப்இ’ என்று பொடி எழுத்தில் இருக்கும். ஜிஇ என்றால் கிகாபிட், எஃப்இ என்றால் 100. மாடிக் கேபிளை ஜிஇ போர்ட்டுக்கு மாற்றினாலே வேலை முடிந்துபோகிற வீடுகளும் உண்டு.

அதுவும் இல்லையென்றால் கேபிள். இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் கோளாறு இங்கேதான். ஓர் ஆடிட்டர் வீட்டில் இரண்டாவது புது ஸ்விட்ச்சையும் மாட்டிவிட்டு, அதுவும் 94 காட்டுகிறது என்று கூப்பிட்டார்கள். கேபிள் முனையில் இருக்கும் கண்ணாடி போன்ற ஜாக்கை டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே எட்டுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான். ஆரஞ்சும் பச்சையும் அதனதன் வெள்ளைக்கோடு போட்ட ஜோடியும் மட்டும். நீலத்தையும் பிரவுனையும் யாரோ வெட்டி மடக்கி விட்டிருந்தார்கள். 100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பி போதும், அதனால் இணைப்பு ஒழுங்காகவே ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மடக்கிய கம்பிகளை விரித்து இரண்டு முனையிலும் புது ஜாக் கிரிம்ப் செய்ததும் சரியாகிவிட்டது. ஜாக்கின் விலை ஒரு டீக்கு மேல் இருக்காது.

எட்டும் இருந்தாலும் வரிசையைப் பாருங்கள். கிளிப் அடிப்பக்கம் இருக்கும்படி ஜாக்கைப் பிடித்தால் இடமிருந்து ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். பச்சை ஜோடி நடுவில் நீலத்தை விட்டுப் பிரிந்திருக்கிறதே என்று தோன்றும், அதுதான் சரி. அழகாக இருக்கட்டும் என்று ஜோடி ஜோடியாக வரிசை கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேபிள் நீளமாக இருந்தால் இணைப்பு விட்டு விட்டு வரும். கம்பியின் முனையை பிளேடால் லேசாகச் சுரண்டியும் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்புப் பூச்சு போட்ட அலுமினியம், மலிவுச் சரக்கு. முழுச் செம்பு என்றால் சுரண்டினாலும் செம்பு நிறம்தான். கேபிளின் மேல் அதன் தரம் கேட்-5இ என்று இருந்தாலே போதும், கேட்-6 இல்லையே என்று சுவரை உடைக்க வேண்டாம்.

சரி, இனி ஸ்விட்ச்.

முதலில் அந்த ‘ஃபாஸ்ட்’ பெட்டியை விட்டுவிடுங்கள். அது விளம்பர வார்த்தை இல்லை, ஒரு தரத்தின் பெயர். 10 மெகாபிட்டே வழக்கமாக இருந்த காலத்தில், 1995-இல், 100 மெகாபிட் வந்தது. பத்து மடங்கு ஆயிற்றே, ஃபாஸ்ட் ஈதர்நெட் என்று பெயர் வைத்தார்கள். நான்கே வருடத்தில், 1999-இல், அதே செம்புக் கம்பியில் கிகாபிட் வந்துவிட்டது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஆக இன்று கடையில் ஃபாஸ்ட் என்று எழுதியிருக்கும் ஸ்விட்ச்தான் இருப்பதிலேயே மெதுவானது. பெட்டியில் 10/100 என்று மட்டும் இருந்தால் வேண்டாம். 10/100/1000 என்று இருக்க வேண்டும். உங்கள் பழைய ஸ்விட்ச்சைத் திருப்பிப் பாருங்கள், அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று. எனக்கென்னவோ அது 10/100 என்றுதான் படுகிறது.

இரண்டாவது விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. உங்கள் வீட்டில் கனமான சுமை போகும் பாதை இணையம் இல்லை, நாஸுக்கும் டெஸ்க்டாப்புக்கும் நடுவில்தான். இரண்டும் மாடியில் ஒரே ஸ்விட்ச்சில் இருப்பதால் அந்த ஃபைல்கள் கீழே ரவுட்டருக்குப் போவதே இல்லை. ஸ்விட்ச் எந்தப் போர்ட்டில் எந்தக் கருவி என்று தெரிந்துவைத்துக்கொண்டு நேராகக் கைமாற்றிவிடும். ஆக மாடிக் கேபிளைச் சரிசெய்தால் இணைய வேகம் கூடும், ஸ்விட்ச்சை மாற்றினால் எடிட்டிங் வேகம் கூடும். உங்கள் கேள்வியில் இரண்டும் கலந்திருக்கின்றன.

ஒரு கல்யாணத்துக்கு 200 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், அதனால் 100 மெகாபிட்டில் வினாடிக்கு 11 மெகாபைட் மாதிரி போகும். 200 ஜிபி நாஸுக்கு ஏற ஐந்து மணி நேரம். ராத்திரி போட்டுவிட்டுப் படுக்க வேண்டியதுதான். கிகாபிட்டில் வினாடிக்கு 110 மெகாபைட்டைத் தாண்டும், அரை மணி நேரத்தில் முடியும். 2.5ஜி-யில் கம்பி 280 மெகாபைட் வரை தாங்கும், கணக்குப்படி 12 நிமிடம். ஆனால் நாஸில் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் அதுவே வினாடிக்கு 150 முதல் 250 மெகாபைட் வரைதான் எழுதும். அப்போது 15, 20 நிமிடம் ஆகும். அங்கே 10ஜி போட்டாலும் அதே 15, 20 நிமிடம்தான், டிஸ்க் அதற்கு மேல் ஓடாது. ஐந்து மணி நேரம் அரை மணியானதுதான் பெரிய லாபம். அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் செலவு ஏறும், மிச்சமாகும் நிமிடங்கள் குறைந்துகொண்டே போகும்.

அதனால் நண்பரின் 10ஜி யோசனையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். ஸ்விட்ச் மட்டும் போதாது, டெஸ்க்டாப்புக்கு ஒரு கார்டு, 10ஜி போர்ட் உள்ள நாஸ், அதில் சுழலாத, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் எல்லாம் வேண்டும். செம்புக் கம்பியில் ஓடும் 10ஜி கருவிகள் நன்றாகச் சூடாகும், சூட்டைத் தணிக்கப் பல ஸ்விட்ச்களில் ஃபேன் வைத்திருப்பார்கள். நாதஸ்வரத்துக்கு ஒலி சரிசெய்கிற அறையில் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியாது.

2.5ஜி விஷயத்தில் கடைக்காரர் சொல்வது தப்பில்லை, ஆனால் நாஸின் பின்னால் என்ன போர்ட் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். நாஸ், டெஸ்க்டாப் இரண்டிலும் 2.5ஜி இருந்தால் தாராளமாக வாங்கலாம். 2016-இல் வந்த அந்தத் தரமே, ஏற்கெனவே போட்டிருக்கும் கேட்-5இ கம்பியில் 100 மீட்டர் வரை ஓட வேண்டும் என்று உருவாக்கப்பட்டதுதான். நாஸில் மட்டும் இருந்து டெஸ்க்டாப்பில் இல்லையென்றால் டெஸ்க்டாப்புக்கு யுஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். நாஸிலேயே கிகாபிட்தான் என்றால் 2.5ஜி ஸ்விட்ச்சுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

எல்லாப் போர்ட்டும் 2.5ஜி ஆக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால், நாஸில் 2.5ஜி உண்டு என்கிற பட்சத்தில், 5 போர்ட் 2.5ஜி ஸ்விட்ச் ஒன்று வாங்கி அதில் நாஸ், டெஸ்க்டாப், மாடிக் கேபிள் மூன்றையும் போடுவேன். கூடவே ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் கிடைக்கும் 5 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச்சை அதன் வாலில் கட்டி, பிரிண்டர், லேப்டாப், போனை அங்கே விடுவேன். நாஸ் கிகாபிட் என்றால் 8 போர்ட் கிகாபிட் ஒன்றோடு முடிந்தது. 5 போர்ட் என்றால் ஒன்று கீழிருந்து வரும் கேபிளுக்கே போய்விடும், மிஞ்சுவது நான்கு. அந்த அனுபவம் உங்களுக்கே இருக்கிறது. தகர உடம்பு, ஃபேன் இல்லாதது, டிபி-லிங்க், டி-லிங்க், நெட்கியர் மாதிரி ஊரில் சர்வீஸ் கிடைக்கிற பெயர், இவை போதும். ‘16 ஜிபிபிஎஸ் திறன்’ என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எட்டுப் போர்ட், ஒவ்வொன்றும் 1 ஜிபிபிஎஸ், போக ஒன்று வர ஒன்று. பெருக்கினால் 16. எல்லா 8 போர்ட் கிகாபிட் பெட்டியிலும் அதுதான் இருக்கும்.

போர்ட்களை நம் இஷ்டப்படி பிரித்து அமைக்க விடும் மேனேஜ்டு ஸ்விட்ச் உங்களுக்குத் தேவையில்லை. மனைவியின் ஆபீஸ் கருவிகளைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும், நாளை சிசிடிவி போட வேண்டும் என்றால் மட்டும் கொஞ்சம் கூடக் கொடுத்து ‘ஸ்மார்ட்’ வகையைப் பாருங்கள். சாதா ஸ்விட்ச்சில் ஒரு ஆபத்து உண்டு. தூசி தட்டும்போது அனாதையாகக் கிடந்த ஒரு கேபிளின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகிவிட்டேன், என் வீட்டில்தான். எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் படபடவென்று மின்ன ஆரம்பித்தன, வீட்டில் ஒரு கருவிக்கும் நெட் இல்லை. அனுப்பிய தகவல் அதே வளையத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகிக்கொண்டே இருந்தது. ரவுட்டரை நான்கு தடவை அணைத்துப் போட்ட பிறகுதான் புத்தி வந்தது. எல்லா விளக்கும் ஒன்றாக மின்னினால் முதலில் இதைத் தேடுங்கள்.

ஐபி போனுக்காக மின்சாரமும் சேர்த்துத் தரும் பிஓஇ ஸ்விட்ச் வாங்கவேண்டாம், ஒரு போனுக்கு அதன் அடாப்டரே போதும். போனின் பின்னால் கம்ப்யூட்டருக்கு என்று இன்னொரு போர்ட் இருக்கும், அதில் டெஸ்க்டாப்பைச் செருகிவிடாதீர்கள். விலை குறைந்த போன்களில் அது 100 மெகாபிட், மறுபடி 94-இல் வந்து நிற்பீர்கள்.

அப்புறம் கரண்ட். கீழே ரவுட்டருக்கு மட்டும் குட்டி யுபிஎஸ் வைத்துவிட்டு மாடி ஸ்விட்ச்சை மறந்துவிடுவோம். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் அந்த ஒரு கணத்தில் ஸ்விட்ச் அணைந்து எழுந்தால் வீடியோ கால் அறுந்துவிடும். அதற்கும் ஒரு யுபிஎஸ் வைக்கலாம், ஆனால் அடாப்டரில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ரவுட்டர்களுக்கு 12 வோல்ட் வழக்கம். சின்ன ஸ்விட்ச்களில் 5 வோல்ட், 9 வோல்ட் எல்லாம் உண்டு. பின் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும், அழகாக உள்ளேயும் போகும். 5 வோல்ட் ஸ்விட்ச்சில் 12 வோல்ட்டைக் கொடுத்தால் அதோடு அதன் கதை முடிந்தது.

மாட்டி முடித்ததும் விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்து லிங்க் ஸ்பீடு 1000/1000 அல்லது 2500/2500 என்று இருக்கிறதா பாருங்கள். பிறகு நாஸிலிருந்து ஒரு பெரிய வீடியோ ஃபைலை இழுத்துப் போடுங்கள். கிகாபிட்டில் வினாடிக்கு 110 மெகாபைட் பக்கம் ஓட வேண்டும். 11 என்று ஓடினால் ஸ்விட்ச்சைத் திட்டாதீர்கள். மேசைக்கு அடியில், ஏதோ ஒரு பழைய மோடத்தோடு இலவசமாக வந்த குட்டிக் கேபிள் ஒன்று இருக்கும். அதை முதலில் மாற்றுங்கள்.