செப்பாங் போகும் முன்: பிரேக் பற்றி வாசகர் கேள்விகள்

செப்பாங் பந்தயத் தடத்தில், சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் டிராக் டேயில், ஐந்தாவது சுற்றில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆகி, தரைவரை போய்விட்டது. சற்று நேரம் நிறுத்தி வைத்ததும் சரியானது. முன் சக்கரங்களுக்குப் பெரிய கேலிப்பர் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
*– வாசகர், பூச்சோங்*

இப்போது வேண்டாம். கேலிப்பர் என்பது, பேட் எனும் உராய்வுக் கட்டையைப் பிஸ்டனால் தள்ளி, சக்கரத்தோடு சுழலும் டிஸ்கில் அழுத்தும் பாகம். உங்கள் காரில் கொதித்தது பிரேக் ஆயில். பெடல் தளர்ந்து உள்ளே போவதும், ஆறியதும் பழையபடி ஆவதும் அதன் அடையாளங்கள். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். கேலிப்பருக்குள் ஆவி உண்டானால் உங்கள் கால் தரும் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடும். பேடுக்கு ஒன்றும் மிஞ்சாது.

செப்பாங் சுற்று 5.543 கி.மீ., 15 வளைவுகள். இரண்டு நீண்ட நேர்பாதைகளும் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றின் முடிவில் 15ஆம் வளைவு, மற்றதன் முடிவில் 1ஆம் வளைவு. இரண்டிலும் பலமாகப் பிரேக் பிடித்தாக வேண்டும், நடுவே ஆறுவதற்கு ஒரே ஒரு நேர்பாதைதான். 1,400 கிலோ கார் 200 கி.மீ. வேகத்திலிருந்து 70க்கு இறங்கும்போது ஏறத்தாழ 19 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அதில் எழுபது விழுக்காடு முன் டிஸ்குகளுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், எட்டு கிலோ டிஸ்க் ஒவ்வொன்றும் அந்த ஒரே பிரேக்கில், ஏற்கெனவே இருந்த சூட்டுக்கு மேல் இன்னும் 180 டிகிரி வரை சூடேறும். அந்தச் சூடு பேட், பிஸ்டன் வழியாக ஆயிலுக்கு வந்து சேர்கிறது.

சாதாரண டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தரப் பிரிவு) ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு ஆண்டுகளாக மாற்றாத ஆயிலுடன் செப்பாங்கில் இறங்கினால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும்.

மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற பந்தய ஆயில் புதிதில் 312, ஈரமேறிய பின் 205 டிகிரி தாங்கும். காஸ்ட்ரோல் எஸ்ஆர்எஃப் ஈரமேறிய பின்னும் 270 டிகிரி தாங்கும், விலை அதிகம். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ஓடுபவருக்கு முதலாவது போதும், ஒவ்வொரு முறையும் ஓடும் முன் மாற்றிவிட வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில். அதைத் தொடவே வேண்டாம், மற்றவற்றோடு அது கலக்காது. டாட் 5.1 வேறு, அது பயன்படுத்தக்கூடியது.

மாற்ற 500 மி.லி. போத்தல் இரண்டு வாங்குங்கள். முதலில் தொட்டியிலுள்ள பழைய ஆயிலை ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்துப் புதியதை நிரப்புங்கள். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும், மேனுவலைப் பாருங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் கேலிப்பரில் ஆயிலை வெளியே விடும் திருகான நிப்பிளைக் கால்வாசிச் சுற்று திறந்து, ஆயில் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை தப்பினால் காற்று உள்ளே போய்விடும். தொட்டியில் ஆயில் குறைந்தபட்ச அளவைக் காட்டும் ‘மின்’ (MIN) கோட்டுக்குக் கீழே இறங்கினாலும் அதே கதி. பழைய காரென்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். வழக்கமாகப் போகாத ஆழத்துக்கு, பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போனால் அங்குள்ள துருவில் உரசிக் கிழியும். நான்கு பிஸ்டன் கேலிப்பர்கள் பலவற்றில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு நிப்பிள்கள் இருக்கும். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு, “பெடல் இன்னும் தொய்வாக இருக்கிறதே” என்று தவிப்பவர்கள் நிறைய. சிந்திய ஆயில் பெயின்ட்டை அரிக்கும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். திறந்த போத்தலில் மிஞ்சியதை அடுத்த முறைக்கு வைக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு வெப்பம் மிஞ்சினால் அடுத்தது காற்றுக்குழாய். முன் பம்பரிலிருந்து 63 அல்லது 76 மி.மீ. குழாயைக் கொண்டுவந்து டிஸ்கின் நடுக்கண்ணுக்குக் காற்றை விடுங்கள். டிஸ்கின் ஒரு முகத்தில் மட்டும் காற்று பட்டால் இரு பக்கமும் ஒரே சீராக ஆறாது. பெரிய கேலிப்பர் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

என் காரில் பெடல் கல் மாதிரி இறுகியே இருக்கிறது. ஆனால் எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்க மறுக்கிறது, கருகிய வாடையும் வருகிறது. ஆயில் மாற்றிவிட்டேன்.
*– வாசகர், கிள்ளான்*

இது பேடின் குற்றம். சாலைப் பேடை அதன் எல்லைக்கு மேல் சூடாக்கினால் உள்ளிருக்கும் பிசின் எரிந்து வாயுவாகும், பிடிப்பு போய்விடும். உங்களுக்குத் தேவை டிராக் பேட். எந்த வெப்பத்துக்கு ஏற்றதை வாங்குவது என்பதை ஊகிக்க வேண்டாம், வெப்பச் சாயத்தால் அளந்துவிடலாம். பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என மூன்று சாயங்களையும் டிஸ்கின் வெளி விளிம்பில் பூசிவிட்டு ஓட்டுங்கள். பச்சை 430, ஆரஞ்சு 560, சிவப்பு 610 டிகிரியில் நிறம் மாறும். ஆரஞ்சு நிறம் மாறி, சிவப்பு அப்படியே இருந்தால் டிஸ்க் அந்த இரண்டுக்கும் நடுவே சூடேறியிருக்கிறது.

பேடின் கனம் பாதிக்குக் கீழே போனதும் டிராக்குக்கு எடுத்துப் போகாதீர்கள். சாலைக்கு அது இன்னும் தாங்கும். ஆனால் மெலிந்த பேட் வெப்பத்தைத் தடுக்காது, நேராகப் பிஸ்டனுக்கு அனுப்பிவிடும்.

புதுப் பேட் போட்ட பிறகு ஸ்டியரிங் உதறுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது என்கிறார் மெக்கானிக்.
*– வாசகர், செந்தூல்*

வளைந்திருக்கும் வாய்ப்பு குறைவு. பேடின் பொருள் டிஸ்கில் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும். புதுப் பேடைப் பதப்படுத்தாமல் ஓட்டினாலோ, டிஸ்க் கொதிக்கும்போது பெடலை மிதித்தபடி நின்றாலோ இப்படி ஆகும்.

பதப்படுத்தும் முறை: 100 கி.மீ. வேகத்திலிருந்து 30 வரை எட்டு பத்து தடவை, ஏபிஎஸ் வேலை செய்யாத அளவுக்கு, ஒவ்வொரு முறையும் சற்றுக் கூடுதலாக அழுத்துங்கள். முழுவதுமாக நிற்கக் கூடாது. பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆற விடுங்கள். கெசாஸ் நெடுஞ்சாலையில் இதைச் செய்யாதீர்கள், பின்னால் வருபவருக்கு ஆபத்து. டிராக்கின் முதல் செஷனை இதற்கென ஒதுக்குங்கள். பேட் தயாரிப்பாளர் வேறு முறை கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

படிந்த திட்டு லேசானதென்றால் இதே முறையில் போய்விடும். போகாவிட்டால் டிஸ்கை லேத்தில் கடைய வேண்டும். கடைந்த பின் கனம் டிஸ்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து டிராக் பேட் போட்டுக்கொண்டே செப்பாங் வரலாமா?
*– வாசகர், பட்டர்வொர்த்*

வேண்டாம். குளிர்ந்த டிராக் பேட் முதல் மிதியில் சரியாகப் பிடிக்காது. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகப் பிரேக் தொடாமல் வந்து டோல் சாவடியில் திடீரென மிதிக்கும்போதுதான் அது தெரியும். சாலைப் பேடோடு வந்து அங்கே மாற்றுங்கள். பிஸ்டனைப் பின்னே தள்ளும்போது தொட்டியில் ஆயில் வழிகிறதா என்று பாருங்கள். மாற்றி முடித்ததும், காரை நகர்த்தும் முன், பெடல் இறுகும்வரை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. சக்கர நட்டுகளை டார்க் ஸ்பேனரால் மேனுவல் சொல்லும் அளவுக்கு முடுக்கி, முதல் செஷனுக்குப் பின் ஆறியதும் மறுபடி பாருங்கள்.

துளையிட்ட டிஸ்க் நல்லதா?
*– வாசகர், காஜாங்*

டிராக்குக்குக் கோடு வெட்டியதே மேல். துளைகளின் ஓரத்தில் விரிசல் தொடங்கும். மேற்பரப்பில் மயிரிழைக் கோடுகள் தெரிவது இயல்பு. விரிசல் வெளி விளிம்பைத் தொட்டாலோ, ஒரு துளையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினாலோ, நகத்தில் தட்டுப்பட்டாலோ அந்த டிஸ்கை அன்றே கழற்றுங்கள்.

செஷன் முடிந்து வந்ததும் ஹேண்ட் பிரேக் போடலாமா?
*– வாசகர், சுபாங் ஜெயா*

கூடாது. சூடான பேட் டிஸ்கோடு ஒட்டிக்கொள்ளும். கடைசிச் சுற்றை மெதுவாக, பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆற விட்டு உள்ளே வாருங்கள். நிறுத்தியதும் கியரில் போட்டு, ஆட்டோ என்றால் ‘பி’யில் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துக் காரை அரை அடி தள்ளிவிட்டால் டிஸ்கின் ஒரே இடத்தில் பேட் உட்கார்ந்திருக்காது.