பழைய ரேங்க் கார்டு எதற்கு?

கேள்வி: எனக்கு 34 வயது. ஆடிட்டர் ஆபீஸில் வேலை. கையில் பணம் இருந்தும், ஃபியூஸைப் பிடுங்கிய பிறகுதான் கரன்ட் பில் ஞாபகம் வருகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனால், தீய்ந்த வாசம் வந்துதான் ஓடி வருவேன். ஆனால் கெடு நெருங்கும் செப்டம்பர் கடைசியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அத்தனை ஃபைலையும் முடித்துவிடுவேன். மனநல மருத்துவர் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு) இருக்கலாம் என்கிறார். அடுத்த முறை அம்மாவையும் பள்ளி ரேங்க் கார்டையும் கேட்கிறார். 'சோம்பேறித்தனத்துக்கு ஒரு பேரா?' என்கிறார் கணவர். மாத்திரை பழக்கமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, கோவை

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மருத்துவர் சரியான வழியில்தான் போகிறார். மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும், 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி, 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். கவனச்சிதறலுக்கான 9 அறிகுறிகளில் பெரியவர்களுக்கு 5 போதும். ஆனால் வீடு, வேலை என இரண்டு இடத்திலாவது அவை தொந்தரவு தர வேண்டும். ரேங்க் கார்டில் மார்க்கை விடுங்கள், ஆசிரியர் எழுதிய வரியைப் பாருங்கள். 'கெட்டிக்காரி, கவனம் போதாது' என்ற ஒரு வரி பெரிய சாட்சி. வகுப்பில் சத்தமில்லாமல் கனவு கண்டுகொண்டிருக்கும் பெண் பிள்ளைகளை யாரும் கவனிப்பதில்லை. அதனால்தான் இத்தனை தாமதம்.

அம்மா, 'நல்லாத்தானே படிச்சே' என்பார். பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைத்தது யார், வருடத்துக்கு எத்தனை குடை தொலைந்தது என்று கேளுங்கள்.

தைராய்டு, ரத்தசோகை, குறட்டையோடு கெடும் தூக்கம், மனச்சோர்வு, பதற்றம் எல்லாமே இதே மறதியைத் தரும். அவற்றைப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

கணவரிடம் அந்த செப்டம்பரைச் சொல்லுங்கள். சோம்பேறி விடிய விடிய உட்காரமாட்டார். கெடு நெருங்கினால்தான் இந்த மூளைக்கு வண்டி கிளம்புகிறது. அதற்கு முன் செய்ய ஆசைப்பட்டும் தொடங்க முடியாமல் தவிக்கிறீர்கள்.

இதற்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை, நம் நாட்டில் கடும் கட்டுப்பாடு உள்ள 'அட்டவணை எக்ஸ்' பட்டியலில் இருக்கிறது. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் 2 வருடம் வைத்திருப்பார். வீடியோ ஆலோசனையில் எழுதித்தர அனுமதி இல்லை. மருத்துவர் சொன்ன அளவில், அவர் கண்காணிப்பில் எடுத்தால் அடிமையாகும் அபாயம் குறைவு. தொடங்கும் முன் பி.பி., நாடித்துடிப்பு பார்ப்பார்கள். குடும்பத்தில் இதய நோய் இருந்தால், கர்ப்பத் திட்டம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பசி குறையும் என்பதால் காலை டிபனை முடித்துவிட்டுப் போடுவது நல்லது. மதியம் தாண்டிப் போட்டால் தூக்கம் கெடலாம். இன்னொரு மருந்தான அடோமாக்ஸெட்டின் பழக்கமாகாது, ஆனால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். ஒரே வாரத்தில் 'வேலை செய்யலை' என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

அதுவரை, கரன்ட் பில்லை வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கட்டும்படி வையுங்கள். பாலுக்கு, அடுப்பைப் பற்றவைப்பதற்கு *முன்பே* போனில் 5 நிமிட டைமர் ஓட வேண்டும், அந்தப் போன் உங்களோடு மாடிக்கு வர வேண்டும். பற்றவைத்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றால், அந்த டைமரே மறந்துபோகும்.