பிறருக்காகப் பேசும் ஆல்பங்களும் ஒரு படமும்

அண்மையில் கேட்ட ஹிப் ஹாப் ஆல்பங்களிலும் பார்த்த படங்களிலும் எவை பிடித்தன, ஏன் பிடித்தன, புதிதாகக் கேட்பவர் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் ரசனையை மட்டும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

ஹிப் ஹாப் என்றாலே தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளும் இசை என்று பலர் நினைக்கிறார்கள். தன் பணம், தன் பகை, தன் திறமை என்று மார்தட்டுவது அந்தக் கலையின் மரபிலேயே இருக்கிறது. அதை நான் குறையாகக் கருதவில்லை. ஆனாலும் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்க வைப்பவை, இறந்துபோன நண்பனோ, சிறையில் கிடப்பவனோ, பேச வாய்ப்பே கிடைக்காத ஒரு பெண்ணோ பேசுவதற்குப் பாடகர் இடம் விட்டுக் கொடுத்திருக்கும் ஆல்பங்கள்தான்.

இதற்கு நான் முதலில் சொல்ல விரும்புவது அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமார் 2012-இல் வெளியிட்ட 'குட் கிட், மேட் சிட்டி'. காம்ப்டன் நகரத்தில் அம்மாவின் வேனை வாங்கிக்கொண்டு கிளம்பும் ஒரு பதின்வயதுப் பையனின் கதை இது. ஆல்பத்தின் அட்டையிலேயே 'கென்ட்ரிக் லமாரின் குறும்படம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். பாடல்களுக்கு நடுவே வேனைத் திருப்பிக் கேட்டு அம்மா விட்டுச் செல்லும் தொலைபேசிச் செய்திகள் வருகின்றன. அதில் 12 நிமிடம் ஓடும் 'சிங் அபவுட் மீ, ஐம் டையிங் ஆஃப் தர்ஸ்ட்' என்ற பாடலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் சரணத்தில் பேசுவது, சுட்டுக் கொல்லப்பட்ட நண்பனின் சகோதரன். தன் உடன்பிறந்தவன் உயிர் போகும்போது அருகில் இருந்ததற்காகக் கென்ட்ரிக்குக்கு நன்றி சொல்பவன், இந்த ஆல்பம் வருவதற்குள் நான் செத்துவிட்டால் என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்குகிறான். அந்த வாக்கியம் முடியுமுன் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. இரண்டாம் சரணத்தில் வரும் பெண் கோபத்தோடு வருகிறாள். தன் அக்காவின் வாழ்க்கையை யாரைக் கேட்டு முந்தைய ஆல்பத்தில் பாட்டாக்கினாய் என்று அவள் கேட்கிறாள். நான் மங்கிப் போக மாட்டேன் என்று அவள் அடித்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒலிப்பதிவில் அவளுடைய குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து காணாமல் போகிறது. பிறர் துயரத்தைப் பாடலாக்க ஒரு கலைஞனுக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற கேள்வியை, அந்தத் துயரத்துக்கு உரியவளே எழுப்பும்படி எழுதியிருக்கிறாரே, அந்த நேர்மைக்காகவே இந்தப் பாடலை அவருடைய மற்ற எல்லாப் பாடல்களுக்கும் மேலாக வைக்கிறேன்.

பழைய ஆல்பங்களில் ராப் பாடகர் நாஸின் 'இல்மாட்டிக்' 1994-இல் வந்தது. நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் வளர்ந்த அவர், 'ஒன் லவ்' என்ற பாடலைச் சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதமாகவே அமைத்திருக்கிறார். உனக்கு மகன் பிறந்திருக்கிறான், உன் சாயலாம் என்று தெருச் செய்தியைச் சொல்வதுபோல் போகிற அந்த எழுத்தில் ஒப்பனையே இல்லை. பாடகி லாரின் ஹில்லின் 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்' (1998) ஆல்பமும் எனக்கு நெருக்கமானது. வகுப்பறையில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கிறார். லாரின் ஹில் என்ற பெயரைக் கூப்பிடும்போது பதில் வரவில்லை. ஆல்பம் அங்கிருந்து தொடங்குகிறது.

புதியவற்றில் கிளிப்ஸ் என்ற இருவர் குழுவின் 'லெட் காட் சார்ட் எம் அவுட்' (2025) என்னை அசைத்தது. மாலிஸ், புஷா டி என்ற அண்ணன் தம்பி இருவரும் 2009-க்குப் பிறகு சேர்ந்து தந்திருக்கும் ஆல்பம் இது. போதைப்பொருள் விற்ற கதையைக் கூர்மையாகச் சொல்வதில் பெயர் வாங்கியவர்கள், இதன் முதல் பாடலைத் தாய் தந்தையின் மரணத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். தம்பி அம்மாவைப் பற்றிப் பாடுகிறார், அண்ணன் அப்பாவைப் பற்றி. வாசலில் கார் நிற்கிறது, ஆகவே அப்பா வீட்டில்தான் இருக்கிறார். மாலிஸ் கதவைத் தட்டுகிறார், மூன்றாவது முறை தட்டும்போது அவர் உடல் சில்லிட்டுப் போகிறது. அதற்குமேல் அவர் எதையும் விளக்கவும் தேவையில்லை. ஆல்பத்தின் மீதிப் பாடல்கள் பெரும்பாலும் பழைய மிடுக்குக்கே திரும்பிவிடுகின்றன. அவை நன்றாக இருந்தாலும் இந்த முதல் பாடலின் உயரத்தை எட்டவில்லை என்பதே என் எண்ணம்.

கென்ட்ரிக் 2024 நவம்பரில் முன்னறிவிப்பின்றி வெளியிட்ட 'ஜிஎன்எக்ஸ்' எனக்கு முழுமையாகப் பிடிக்கவில்லை. வெற்றிக் களிப்பு அதில் தேவைக்கு மேல் இருக்கிறது. ஆனால் 'ரீஇன்கார்னேட்டட்' என்ற பாடலில், மறைந்த ராப் பாடகர் டூபாக்கின் இசைத் துண்டு ஒன்றின் மேல், முற்பிறவிகளில் தானே ஒரு கிதார் கலைஞனாகவும் பிறகு ஒரு பாடகியாகவும் வாழ்ந்து கெட்டதாக அவர் பாடுகிறார். ராப் பாடகர் ஒருவர் தனக்கு முந்தைய கறுப்பின இசைக் கலைஞர்களின் பிழைகளையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அதே எண்ணத்தைத் திரையில் கண்டது இயக்குநர் ரயன் கூக்லரின் 'சின்னர்ஸ்' (2025) படத்தில்தான். 1932-இல் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலுக்கு, சிகாகோவிலிருந்து இரட்டைச் சகோதரர்கள் திரும்பி வந்து, பழைய மர அறுவை ஆலை ஒன்றை வாங்கி ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயர இசை) இசைக்கும் கூடமாக மாற்றுகிறார்கள். இரண்டு வேடத்திலும் மைக்கேல் பி. ஜோர்டன். இரத்தக் காட்டேரிகள் வருவதால் இதைத் திகில் படம் என்று சொல்லலாம், ஆனால் அந்தச் சண்டைகள் எனக்கு அவ்வளவாக மனத்தில் நிற்கவில்லை. மனத்தில் நிற்பது இரண்டு காட்சிகள். காரில் போகும்போது, முதிய இசைக் கலைஞராக நடிக்கும் டெல்ராய் லிண்டோ, தன் நண்பனை வெள்ளையர் கும்பல் கொன்ற கதையைச் சொல்லிக்கொண்டே வருகிறார். சொல்ல முடியாத இடத்தில் பேச்சு நின்று முனகலாகிறது, முனகல் ராகமாகிறது. நம் ஊர் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் அந்த மாற்றம் உடனே பிடிபடும். மற்றொன்று, சாமி (Sammie) என்ற இளைஞன் கிதாரை எடுத்துப் பாடும் காட்சி. அவன் பாடப் பாட, ஆப்பிரிக்க முன்னோர்களும், இன்னும் பிறக்காத மின்கிதார் கலைஞர்களும், இசைத்தட்டைச் சுழற்றும் டிஜேயும் ஒரே கூட்டமாக ஆடுகிறார்கள். ஹிப் ஹாப் எந்த வேரிலிருந்து வந்தது என்பதைப் பாடம் நடத்தாமல் இவ்வளவு தெளிவாகக் காட்டிய காட்சியை வேறு படத்தில் நான் பார்க்கவில்லை.

ஸ்பைக் லீயின் 'ஹையஸ்ட் டூ லோயஸ்ட்' (2025) அந்த அளவுக்கு இல்லை. முதலாளியின் மகன் என்று நினைத்து ஓட்டுநரின் மகனைக் கடத்திவிடுகிறார்கள் என்ற, ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் கதையை நியூயார்க் இசைத் தொழிலுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் டென்ஸல் வாஷிங்டனும் ஏசாப் ராக்கியும் மோதிக்கொள்ளும் காட்சி அருமை. ஆனால் மகனைப் பறிகொடுத்து நிற்கும் அந்த ஓட்டுநரின் மனநிலையோடு படம் இன்னும் சற்று நேரம் இருந்திருக்க வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு, 'இல்மாட்டிக்' என்பேன். 10 தடங்கள், சுமார் 40 நிமிடம், அவ்வளவே. அடுத்ததாக 'குட் கிட், மேட் சிட்டி'யைப் பாடல் வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிசை மாற்றாமல், தொலைபேசிச் செய்திகளைத் தாண்டாமல் கேளுங்கள். 'சின்னர்ஸ்' பார்ப்பதாக இருந்தால், பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிடாதீர்கள். முதுமையடைந்த அந்தச் சாமியாக நிஜ ப்ளூஸ் மேதை பட்டி கை (Buddy Guy) வருகிற பகுதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது.