சாமுராயின் சம்பள நாள்

அன்புள்ள ஐயா,

தோக்குகவா காலத்து ஜப்பானில் சாமுராய், உழவர், கைவினைஞர், வணிகர் என்று வரிசை இருந்ததாகப் படித்தேன். உழவருக்கு இரண்டாம் இடம், லாபத்துக்கு அலையும் வணிகருக்குக் கடைசி இடம். எவ்வளவு உயர்ந்த பண்பாடு! சாமுராய்களின் அறம் பற்றி நல்ல நூல்கள் சொல்ல முடியுமா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் ஆர்வம் பிடித்திருக்கிறது, அந்த ஆச்சரியக்குறி பிடிக்கவில்லை. அது சீனத்துக் கன்பூசிய ஏடுகளிலிருந்து எடுத்த வரிசை. இரண்டாம் இடத்து உழவர் விளைச்சலில் பத்துக்கு நாலு, சில இடங்களில் பாதி, வரியாக அளந்துவிட்டுத் தினையும் பார்லியும் தின்றார். அவரிடமிருந்த வாளை, தோக்குகவாக்களுக்கு முன்னால் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி 1588இலேயே பிடுங்கியாயிற்று. சாமுராயின் கவசத்துக்குத் தோல் பதனிட்டவர்கள் உங்கள் நாலு படியில் எங்கே என்று தேடினீர்களா? படிக்கே வெளியே. சரி, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நான் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருப்பது சம்பளத்தைப் பற்றி. எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் நேரடிச் சேவகத்தில் இருந்த சாமுராய்களில் பலருக்குச் சம்பளம் அரிசி. அசகுசா களஞ்சியத்தில் வருஷத்துக்கு மூன்று தவணை. பெயர் எழுதிய சீட்டை வைக்கோல் கட்டில் செருகிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டு வாள் கட்டியவர் மூட்டைக்காகக் கால் கடுக்க நிற்பாரா? அதைச் செய்யத் தரகர்கள் வந்தார்கள், பெயரே ஃபுதாசாஷி, சீட்டுச் செருகுகிறவர். அரிசியை வாங்கி, விற்று, காசாக்கிக் கொடுத்தார்கள். அப்புறம் அடுத்த தவணையின் பேரில் கடன், அப்புறம் அதற்கடுத்த தவணையின் பேரில். 1724இல் 109 பேர் சேர்ந்து சங்கமே வைத்துவிட்டார்கள்.

என் அப்பாவுக்கு ஒண்ணாம் தேதி சம்பளம். ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில், சைக்கிளில் உட்கார்ந்து ஒரு காலை ஊன்றியபடி வட்டிக்காரர் நிற்பார். அவர் அப்பாவை 'சார்' என்பார், அப்பா அவரை 'வாப்பா, போப்பா' என்பார். ஆனால் கவர் நேராக அவர் கைக்குத்தான் போகும். எண்ணிக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அவரே அப்பாவின் சட்டைப்பையில் வைப்பார். உங்கள் வரிசையைக் கொஞ்சம் அந்த மரத்தடியில் வைத்துப் பாருங்கள்.

1789இல் ஷோகுனின் தலைமை அமைச்சர் மத்சுதைரா சதனொபு, சாமுராய்கள் தரகர்களிடம் வாங்கிய ஆறு வருஷத்துக்கு முந்தைய கடனெல்லாம் ரத்து என்று உத்தரவு போட்டார். தரகர்கள் புதுக்கடன் கிடையாது என்று கையை விரித்தார்கள். கடைசியில் அரசே அவர்களுக்கு முதல் கொடுத்து, சாமுராய்களுக்குக் கடன் கொடுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. கீழ்மட்டச் சாமுராய்கள் வீட்டில் உட்கார்ந்து குடைக்குக் காகிதம் ஒட்டிச் சம்பாதித்தார்கள்.

அந்தப் பசைக் கையைப் பற்றி நல்ல நூல் ஏதாவது கிடைத்தால் எனக்கு முதலில் சொல்லுங்கள்.